'ஹோமோஃபோபியா' என்பது அச்சமா, வெறுப்பா? தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி
எழுதியவர்: நடுப்பக்கம்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய பொதுமக்களின் மனப்பான்மை கடந்த அரை நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதைக் குறித்துத் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வாரங்களாக ஒரே ஒரு சொல்லில் சிக்கி, மேலே நகர முடியாமல் நிற்கிறேன். அச்சொல் 'ஹோமோஃபோபியா'.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இச்சிக்கல் இல்லை. அச்சமா, வெறுப்பா, அருவருப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையைக் கிரேக்க விகுதி ஒன்று அவருக்கு இல்லாமல் செய்துவிடுகிறது. தமிழில் எழுதும்போது ஏதேனும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் வரைவில் 'தன்பாலீர்ப்பாளர் மீதான அச்சம்' என்று எழுதினேன். படித்த நண்பர் ஒருவர், "அடிப்பவனுக்கு என்ன அச்சம்? அடி வாங்குபவனுக்கல்லவா அச்சம்!" என்று கேட்டார். 'வெறுப்பு' என்று மாற்றினேன். அதைப் படித்த என் மாமா, "நான் இதைச் சரியென்று ஏற்கவில்லை, ஆனால் ஒருவரையும் வெறுத்ததில்லை. என்னையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறாயா?" என்று வருத்தத்துடன் கேட்டார். இருவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் ஐயம் மொழிபெயர்ப்போடு முடிந்துவிடவில்லை. தெருவில் தாக்குபவர், வேலையிலிருந்து நீக்குபவர், கேலி பேசுபவர், ஒருபாலினத் திருமணத்துக்கு எதிராக வாக்களிப்பவர், ஒன்றும் செய்யாமல் மனத்துக்குள் மட்டும் ஏற்க மறுப்பவர் ஆகிய அனைவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது சரியா? அப்படிச் சுட்டுவதால் நமக்கு எது தெளிவாகிறது, எது மறைகிறது? விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: வேர்ச்சொல்

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது. இன்றைய பொருளில் இச்சொல்லை உருவாக்கியவர் ஜார்ஜ் வைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர். 1960களின் நடுப்பகுதியில் அவர் ஒன்றைக் கவனித்தார்: சிகிச்சை அறைக்கு வெளியே, சாதாரணச் சூழலில் தன்பாலீர்ப்பாளர் ஒருவருடன் இருக்க நேர்ந்தால், படித்துப் பட்டம் பெற்ற தம் சக உளவியலாளர்களே நெளிந்தார்கள். அந்த நெளிவுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று கருதியே அவர் இச்சொல்லைத் தேர்ந்தார். 1969ஆம் ஆண்டு மே மாதம் ஜாக் நிக்கோல்ஸ், லைஜ் கிளார்க் ஆகிய இருவரும் நியூயார்க் இதழொன்றில் எழுதிய பத்தியில் இது அச்சேறியது. தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்று ஆண்கள் அஞ்சுவதையே அவர்கள் அப்பத்தியில் இச்சொல்லால் குறித்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1972இல் வெளிவந்த தம் நூலில் வைன்பெர்க் இதை விரிவாக விளக்கினார்.

அந்த ஆண்டுகளை நினைவில் வைத்தால்தான் இச்சொல்லின் கூர்மை புரியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் தன்பாலீர்ப்பு அப்போது ஒரு கோளாறாகவே இடம்பெற்றிருந்தது. 1973 டிசம்பரில்தான் அச்சங்கத்தின் நிர்வாகக் குழு அதை நீக்கியது. அந்த முடிவையும் எதிர்த்துச் சிலர் வாக்கெடுப்புக் கோரினர்; 1974இல் நடந்த வாக்கெடுப்பில் 58 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தனர். உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலிலிருந்து அதை நீக்க 1990 மே 17 வரை ஆயிற்று. நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டிருந்த ஒரு கூட்டத்தின் பக்கம் நின்றுகொண்டு, "நோய் அவர்களிடம் இல்லை, அவர்களைக் கண்டு பதறும் உங்களிடம் இருக்கிறது" என்று முத்திரையைத் திருப்பிக் குத்திய சொல் இது. மருத்துவக் கலைச்சொல்லின் உடையை அணிந்திருந்தாலும், பிறந்த நாளிலிருந்தே அது ஒரு வழக்காடு சொல்.

இனிக் கிரேக்கத்துக்கு வருவோம். 'ஹோமோஸ்' என்றால் 'ஒரே', 'ஃபோபோஸ்' என்றால் 'அச்சம்'. பகுதிகளை ஒட்டிப் படித்தால் 'ஒரே மாதிரியானவற்றின் மீதான அச்சம்' என்ற பொருளற்ற தொடர்தான் கிடைக்கும். எனவே சொற்பிறப்பை வைத்துத் தீர்ப்பு வழங்க முடியாது. மேலும் 'ஃபோபியா' எங்கும் அச்சத்தையே குறிப்பதில்லை. தமிழ் இதை எப்போதோ கண்டுகொண்டது. பள்ளி வேதியியலில் 'கரைப்பான் வெறுக்கும் கூழ்மம்' என்று படித்தோமே, அங்கே 'வெறுக்கும்' என்று ஆனது இதே 'ஃபோபிக்'தான். எண்ணெய்த் துளி தண்ணீரைக் கண்டு அஞ்சுவதில்லை; விலகிக்கொள்கிறது, அவ்வளவே. உளவியலில் எழுதுபவர்கள் சிலர் 'வெருளி' என்பார்கள். உயரத்தைக் கண்டோ சிலந்தியைக் கண்டோ வெருள்பவருக்கு அது நன்றாகப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

இதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல அனுமதியுங்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளை, எட்டாக வகுக்கும்போது இளிவரல் (அருவருப்பு), அச்சம், வெகுளி (சினம்) ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கிறது. இக்கால உளவியல் வேறொரு பாதையில் ஏறத்தாழ அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு எதிரான மனப்பான்மையை நெடுங்காலம் ஆராய்ந்த கிரிகரி ஹெரெக் 2004இல் எழுதிய கட்டுரையில், இம்மனப்பான்மையோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் அச்சம் அன்று, அருவருப்பும் சினமுமே என்று சுட்டினார். அவர் ஒரு சொல்லுக்குப் பதில் மூன்றைப் பரிந்துரைத்தார்: சமூகம் ஒரு பிரிவினர் மீது ஏற்றிவைத்திருக்கும் இழிவு ஒன்று, அந்த இழிவுக்குச் சட்டத்திலும் நிறுவனங்களிலும் சமயத்திலும் இடமளிக்கும் கருத்தியல் இன்னொன்று, தனி மனிதரின் உள்ளத்தில் உள்ள காழ்ப்பு மூன்றாவது. கட்டுரையாளருக்கு இந்தப் பகுப்பு பெரிதும் உதவும்.

ஒரு குறிப்பு. 'தன்பாலீர்ப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள், நன்று. 'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல் ஒரு மனிதரின் இயல்பு முழுவதையும் ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. அந்தச் சொல்லிலேயே இளிவரலுக்குப் பாதி இடம் ஒதுக்கியாகிவிட்டது.


மறுமொழி
எழுதியவர்: எதிர்க்கரை

இங்கே என் கருத்து பெரும்பான்மைக் கருத்தாக இராது என்று தெரிந்தே எழுதுகிறேன். நான் சமய நம்பிக்கை உள்ளவன். என் சமயம் ஆண்–பெண் உறவை மட்டுமே திருமணமாக ஏற்கிறது. நானும் அவ்வாறே நம்புகிறேன். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டங்களை நான் ஆதரிக்கவில்லை. என்னோடு ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் பணியாற்றியவர் தன்பாலீர்ப்பாளர். அவருடைய தாயார் இறந்தபோது முதலில் போய் நின்றவர்களில் நானும் ஒருவன். இருந்தும், ஒரு விவாதத்தில் என் நம்பிக்கையைச் சொன்ன மறுகணம் இந்தச் சொல் என் மீது வந்து விழுந்தது. அதன்பின் நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை. நோயாளியிடம் யாராவது வாதம் செய்வார்களா?

என் மனக்குறை இதுதான். அச்சநோய் உள்ளவர் தம் அச்சம் அளவுக்கு மீறியது என்பதை அறிவார். அதனால் துன்புறுபவரும் அவரே. விடுபட விரும்புபவரும் அவரே. இவற்றில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தாது. உளவியலாளர் டேவிட் ஹாகா 1991இலேயே இந்த வேறுபாடுகளை வரிசைப்படுத்தி எழுதிவிட்டார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும் 2012இல் தன் நடைக் கையேட்டில், அரசியல், சமூகச் சூழல்களில் இச்சொல்லைத் தவிர்க்குமாறு தன் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. காரணம், இன்னொருவருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாக ஆதாரமின்றிக் கூறுவதாக அது ஆகிவிடும் என்பதே. வைன்பெர்க் அதே ஆண்டில் அதை மறுத்து, சொல்லை விடக் கூடாது என்று எழுதினார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே கேள்வி கேட்டவரின் மாமா சார்பில் என் வேண்டுகோள்: 'ஏற்பின்மை' என்று ஒரு சொல் இருக்கிறது. அதையும் பயன்படுத்துங்கள்.


மறுமொழி
எழுதியவர்: பின்வரிசை

நான் தன்பாலீர்ப்பாளன். வயது 46. இத்தகைய விவாதங்களில் எழுதுவதில்லை என்று வைத்திருந்த வழக்கத்தை, 'அச்சம்' என்ற சொல்லை எல்லாருமாகச் சேர்ந்து வெளியே அனுப்பிவிடப் போகிறீர்களோ என்று தோன்றியதால் இன்று மீறுகிறேன்.

என் 31ஆம் வயதில் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. என்னை வளர்த்தவர் அவர். என் படிப்புக்காகத் தம் படிப்பை நிறுத்தியவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்போது அவருடைய மகன், இரண்டு வயதுக் குழந்தை, ஓடிவந்து என் மடியில் ஏறினான். அண்ணனின் கை நீண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டது. வேறொன்றும் நடக்கவில்லை. தாம் செய்ததை அவர் உணர்ந்தாரா என்பதுகூட ஐயம்தான். சூடான பாத்திரத்தின் பக்கம் குழந்தை போனால் கை தானாக நீளுமே, அப்படித்தான் அந்தக் கை நீண்டது.

அதை வெறுப்பு என்று எழுத என்னால் இயலாது. வெறுப்பு என்றால் நான் சண்டையிட்டிருப்பேன். காழ்ப்பு, இளிவரல், ஏற்பின்மை ஆகிய எதுவும் அந்தக் கைக்குப் பொருந்தவில்லை. அது அச்சம்தான், என்னிடமிருந்து ஏதோ ஒன்று குழந்தைக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம். வைன்பெர்க்கும் தொற்று பற்றிய அச்சத்தைக் குறிப்பிட்டிருந்தார் என்று பிற்காலத்தில் படித்தபோது, அண்ணனின் அந்தக் கையை அவரும் எங்கோ பார்த்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னோர் அச்சமும் உண்டு. அதை இங்கே ஒருவரும் குறிப்பிடவில்லை. பதினாறு வயதிலிருந்து முப்பது வரை நான் என்னைக் கண்டே அஞ்சினேன். என் நடையை, என் குரலை, ஒருவரைப் பார்க்கும்போது என் கண்கள் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதை நானே காவல் காத்தேன். ஆய்வாளர்கள் இதை உள்வாங்கப்பட்ட ஹோமோஃபோபியா என்கிறார்கள். எதிர்க்கரை அவர்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் எனக்கு அப்படியே பொருந்தின: அளவுக்கு மீறிய அச்சம் என்று அறிந்திருந்தேன், துன்புற்றவன் நானே, விடுபட விரும்பியவனும் நானே. அச்சொல்லுக்கு மருத்துவப் பொருளில் முழுத் தகுதி பெற்றவர்கள் நாங்கள்தாம் போலும்.

எதிர்க்கரை அவர்களே, உங்கள் நண்பரின் துயரத்தில் போய் நின்றதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன்: அந்த ஒன்பது ஆண்டுகளில், அவருடைய துணைவர் யார், எப்படி இருக்கிறார் என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா? கேட்டிருந்தால் என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


மறுமொழி
எழுதியவர்: மாதிரிக்கூறு

கருத்துக்கணிப்புகளை வடிவமைப்பது என் தொழில். ஆகவே சொல் எண்ணை எப்படி மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். 2010இல் அமெரிக்காவில் சிபிஎஸ் நியூஸும் நியூயார்க் டைம்ஸும் சேர்ந்து நடத்திய கணிப்பில், இராணுவத்தில் பணியாற்ற அனுமதிக்கலாமா என்ற கேள்வி பாதிப் பேரிடம் 'ஹோமோசெக்ஷுவல்கள்' என்ற சொல்லாலும், மீதிப் பேரிடம் 'கே ஆண்கள், லெஸ்பியன்கள்' என்ற சொற்களாலும் கேட்கப்பட்டது. முதல் வகையில் ஆதரவு 59 விழுக்காடு. இரண்டாம் வகையில் 70. மனிதர்கள் அவர்களே, உரிமையும் அதுவே. வேர்ச்சொல் அவர்கள் 'ஓரினச்சேர்க்கை' பற்றிச் சொன்னது வெறும் நயம் அன்று என்பதற்கு இது போதும்.

இனி மனப்பான்மை மாறுமா என்ற கேள்வி. அமெரிக்காவில் காலப் நிறுவனம் கேட்டுவரும் கேள்வியில், ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவு 1996இல் 27 விழுக்காடாக இருந்தது, 2023இல் 71. கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது, இந்த 27 ஆண்டுகளில் மாறியவர்களில் பலர் அதே மனிதர்கள் என்பதுதான். மூத்த தலைமுறை மறைந்து இளையவர்கள் வந்ததால் மட்டும் இவ்வளவு வேகம் வந்திராது. தீராத அச்சநோயோ வேரோடிய வெறுப்போ உள்ள கோடிக்கணக்கானவர்கள் ஒரு தலைமுறைக்குள் குணமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதைவிட, அவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது பழகிப்போன ஒரு கருத்து, பழக்கம் மாறியபோது அதுவும் மாறியது என்று எடுத்துக்கொள்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உளவியலாளர்கள் சார்லஸ்வர்த்தும் பனாஜியும் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: வாய்விட்டுச் சொல்லாத, தானாக எழும் சாய்வைக்கூட அவர்கள் அளந்தார்கள், 2007க்கும் 2016க்கும் இடையே பாலீர்ப்பு குறித்த அச்சாய்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முதுமை, உடற்குறைபாடு ஆகியவை குறித்த சாய்வுகள் அதே காலத்தில் அநேகமாக அசையவே இல்லை.

எல்லா இடத்திலும் இவ்வாறு நிகழ்ந்ததாக எண்ணிவிட வேண்டாம். பியூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில் கேட்டபோது, தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டும் என்றவர்கள் சுவீடனில் 94 விழுக்காடு, நைஜீரியாவில் 7. சட்டம் மாறினால் மனம் உடனே மாறிவிடுவதும் இல்லை. பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே தடைசெய்து, 2006இல் ஒருபாலினத் திருமணத்தையும் ஏற்ற தென்னாப்பிரிக்காவில் அதே கேள்விக்கு 54 விழுக்காட்டினரே ஆம் என்றனர்.

மாற்றத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றைப் பின்வரிசை அவர்களின் மறுமொழியோடு சேர்த்துப் படிக்கலாம். ஹெரெக்கும் கேபிட்டானியோவும் 1990களில் கண்டது இது: தன்பாலீர்ப்பாளர் ஒருவரை அறிந்திருப்பது மனப்பான்மையை மாற்றுகிறது, ஆனால் பிறர் வழியாக அறிவதைவிட, அவரே நேரில் சொல்லி அறியும்போது அம்மாற்றம் கூடுதலாக இருக்கிறது. ஆக, சொல்வதன் சுமை சொல்பவர் மீதே விழுகிறது. இது நியாயமா என்பது என் துறைக்கு வெளியே உள்ள கேள்வி.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கடுமையாக எதிர்ப்பவர்கள் எல்லாரும் உள்ளுக்குள் தன்பாலீர்ப்பாளர்களே என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1996ஆம் ஆண்டு ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 64 ஆண்கள். அதை வைத்து உலகத்தை அளக்க முடியாது. அதோடு, தன்பாலீர்ப்பாளர் படும் துன்பத்துக்கும் தன்பாலீர்ப்பாளரே காரணம் என்று சுற்றிவளைத்துச் சொல்வதாகவும் அது ஆகிவிடுகிறது.


மறுமொழி
எழுதியவர்: எதிர்க்கரை

பின்வரிசை அவர்களுக்கு: கேட்டதில்லை. துணைவர் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் பெயர் தெரியாது. இதைக் கொண்டு என் நம்பிக்கை மாறிவிட்டதாக எழுதினால் அது பொய்யாகும். உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இதுதான் என்பதால் எழுதுகிறேன்.


மறுமொழி
எழுதியவர்: நடுப்பக்கம்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு கட்டுரையை எடுத்து, அச்சொல் வந்த இடங்களை எண்ணினேன், இருபத்திரண்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அங்கே உண்மையில் நடப்பது என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டு திருத்தினேன். தாக்கியவர்கள் வரும் இடத்தில் 'தாக்கினார்கள்' என்றே எழுதினேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேலை, வாடகை வீடு பற்றிய இடங்களில் 'பாகுபாடு'. ஹெரெக் பற்றிய பகுதியில் 'காழ்ப்பு'. வாக்களிப்பவர்களைப் பற்றிய பத்தியில் 'ஏற்பின்மை' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஏற்காதவரின் வாக்கு இன்னொருவரின் திருமணத்தைத் தடுக்கிறது என்ற வாக்கியத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மாமாவுக்கு அந்த வாக்கியம் பிடிக்காது. சொல்லின் வரலாற்றைக் கூறும் இரண்டு இடங்களில் மட்டும் 'ஹோமோஃபோபியா' அப்படியே நிற்கிறது.

'அச்சம்' என்ற சொல்லுக்கு ஒரே ஓர் இடம்தான் பொருத்தமாக அமையும் என்று தோன்றுகிறது. பின்வரிசை அவர்களே, உங்கள் அண்ணன் குழந்தையைத் தூக்கிக்கொண்ட நிகழ்ச்சியை, உங்களை இன்னார் என்று அடையாளம் காட்டாமல், கட்டுரையில் பயன்படுத்திக்கொள்ளலாமா?


மறுமொழி
எழுதியவர்: பின்வரிசை

எழுதுங்கள். என்னை வளர்த்தவர் என்பதையும், சாப்பிட்டாயா என்று கேட்டதையும் விட்டுவிடாதீர்கள். குழந்தையின் வயதை மட்டும் மாற்றிவிடுங்கள். இப்போது அவனுக்குப் படிக்கத் தெரியும்.